சர்க்கரையை வாசிக்கும் செல்கள்: முடக்குவாத ஆய்வில் ஒரு செயற்கை அமினோ அமிலம்

1990-களின் தொடக்கத்தில் சுவீடனில் ரிக்கார்ட் ஹோல்ம்டாலின் ஆய்வுக் குழு ஒரு புதிரில் மாட்டிக்கொண்டது. மூட்டுவாதம் வரவழைக்கப்பட்ட எலிகளிலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். உடலின் எதிர்ப்புப் படைக்கு உத்தரவு கொடுப்பவை இந்த டி செல்கள். குருத்தெலும்பிலிருந்து எடுத்த கொலாஜன் புரதத்தைக் காட்டினால் அவை உடனே கிளர்ந்தெழுந்தன. கொலாஜனில் எந்தப் பகுதியை அவை குறிவைக்கின்றன என்பதும் தெரிந்துவிட்டது: 256-வது அமினோ அமிலம் முதல் 270-வது வரை, மொத்தம் 15. அந்தப் பதினைந்தையும் அதே வரிசையில் செயற்கையாகக் கோத்துக் காட்டினார்கள். பெரும்பாலான செல்கள் அசையவே இல்லை.

வரிசையில் ஒரு பிழையும் கிடையாது. ஆனாலும் குருத்தெலும்பில் இருந்த ஏதோ ஒன்று செயற்கைத் துண்டில் இல்லை. 1994-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை அது என்ன என்பதைச் சொன்னது. சர்க்கரை. கொலாஜனில் சில இடங்களில் ஒட்டியிருக்கும் ஒரு சிறிய சர்க்கரை மூலக்கூறைத்தான் அந்த டி செல்கள் வாசித்துக்கொண்டிருந்தன.

அதுவரை பெரும்பாலோர் டி செல்கள் வெறும் புரதத் துண்டுகளை மட்டுமே அடையாளம் காணும் என்று எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் ஆட்டம் கண்டதும் வேலை உயிரியலாளர்களின் மேசையிலிருந்து வேதியியலாளர்களின் மேசைக்கு நகர்ந்தது. சர்க்கரை ஒட்டிய அமினோ அமிலத்தை யாராவது சுத்தமாகச் செய்து கொடுத்தால்தான் அடுத்த கேள்வியையே கேட்க முடியும் என்ற நிலை. நோய் ஆராய்ச்சி பற்றிய செய்திகளில் எலிகளும் நோயாளிகளும் வருவார்கள். மாதக்கணக்கில் குடுவைகளோடு போராடி அந்த ஒரு மூலக்கூறைச் செய்தவர்கள் வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த மூலக்கூறைப் பற்றியது.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று மருத்துவர்கள் எழுதுவதை நாம் முடக்குவாதம் என்கிறோம். இலங்கையில் சரவாங்கி என்று சொல்வார்கள். வயதானால் மூட்டு தேய்ந்து வரும் வலி இது அல்ல. உடலின் எதிர்ப்பு மண்டலமே தன் மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. என் பெரியம்மாவுக்கு நாற்பது வயதிலேயே வந்தது. காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பிறகுதான் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியும். உலகில் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவானவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இன்றைய மருந்துகள் பெரியம்மா காலத்து மருந்துகளைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அவை தவறு செய்யும் செல், செய்யாத செல் என்று பிரித்துப் பார்க்காமல் எதிர்ப்பு மண்டலத்தைப் பொதுவாகத் தணிக்கிற வகை. தவறு செய்கிற சில டி செல்களை மட்டும் அடக்கி, மற்றதை அப்படியே விட்டுவிட முடியுமா என்பதுதான் இந்தத் துறையின் நெடுநாள் ஆசை. அதற்கு அந்தச் செல்கள் எதைப் பார்த்துத் தவறு செய்கின்றன என்பது அணு அளவில் தெரிந்தாக வேண்டும்.

ஆட்டுக்கால் சூப்பை ஆறவிட்டால் தயிர் மாதிரி உறைந்துவிடும். அது கொதியில் கரைந்து வந்த கொலாஜனின் வேலை. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் கட்டிப் பிடித்து வைத்திருப்பது இந்தப் புரதம்தான். மூன்று சங்கிலிகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு நிற்கும் அதன் வடிவத்தை உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954-லும் 1955-லும் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரைகள் வந்தன. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் மூன்று இழைகளும் நெருங்கி முறுக்கிக்கொள்ள இடம் கிடைக்காது. முடக்குவாத ஆய்வாளர்களின் கொலாஜன் துண்டைப் பார்க்கும்போதும் அந்த ஒழுங்கு கண்ணில் படும்: மூன்றுக்கு ஒரு கிளைசின், தவறாமல்.

கொலாஜனில் பல வகைகள் உண்டு. மூட்டுக் குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகை. செல் இதைத் தயாரிக்கும்போது சங்கிலியைக் கோத்து முடிப்பதோடு வேலை நிற்பதில்லை. லைசின் என்ற அமினோ அமிலங்கள் சிலவற்றின் மேல் ஒரு நொதி வந்து, ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றை ஒட்டுகிறது. வைட்டமின் சி இல்லாமல் அந்த நொதி இயங்காது. இப்படி மாறிய அமினோ அமிலத்துக்கு ஹைட்ராக்சிலைசின் என்று பெயர். அதன் மேல் இன்னொரு நொதி கேலக்டோஸ் என்ற சர்க்கரையை வைக்கிறது. பாலில் இருக்கும் சர்க்கரையின் ஒரு பாதி அது. அதற்கும் மேல் சில இடங்களில் ஒரு குளுக்கோஸும் சேரும்.

‘சில இடங்களில்’ என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே மனிதரின் ஒரே மூட்டில், ஒரே எண்ணுள்ள லைசின் நான்கு கோலங்களில் கிடைக்கலாம்: வெறும் லைசினாக, ஹைட்ராக்சில் மட்டும் ஏறியதாக, கேலக்டோஸ் சேர்ந்ததாக, கேலக்டோஸும் குளுக்கோஸும் சேர்ந்ததாக. நாம் பேசும் அந்தப் பதினைந்து அமினோ அமிலத் துண்டில் 264-லும் 270-லும் இரண்டு லைசின்கள் இருக்கின்றன. நான்கு நான்கு பதினாறு. ஆகவே குருத்தெலும்பை அரைத்து இந்தத் துண்டைப் பிரித்தெடுத்தால் கையில் கிடைப்பது ஒரு பொருள் அல்ல, பதினாறு வரை போகக்கூடிய கலவை. டி செல் எதற்குப் பதில் சொன்னது என்று அந்தக் கலவையிடம் கேட்டு அறிய முடியாது. இயற்கையிலிருந்து எடுக்காமல் ஆய்வகத்தில் செய்யவேண்டி வந்ததற்குக் காரணம் இதுதான்.

எலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் வகைக் கொலாஜனை ஊசியாகப் போட்டால் எலிகளுக்கு மூட்டுவாதம் வரும் என்பதை டேவிட் டிரெண்டமும் உடன் பணியாற்றியவர்களும் 1977-ல் பெரிய எலிகளில் கண்டார்கள். 1980-ல் சுண்டெலிகளிலும் அது உறுதியானது. எல்லாச் சுண்டெலிகளுக்கும் வராது. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருப்பவற்றுக்குத்தான் வரும். மனிதர்களிலும் அதே கதைதான்: முடக்குவாதக்காரர்களிடம் டிஆர்4 என்ற வகை மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது என்று 1970-களின் பிற்பகுதியில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி காட்டினார்.

இந்த மரபணுக்கள் செய்யும் புரதங்களின் வேலை, புரதத் துண்டுகளை ஏந்தி டி செல்லுக்குக் காட்டுவது. செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு சிறிய பல்லாங்குழி என்று வைத்துக்கொள்ளலாம். துண்டின் சில அமினோ அமிலங்கள் குழிகளுக்குள் சோழி போல இறங்கி உட்காரும். மற்றவை மேல்நோக்கி நிற்கும். டி செல்லுக்குத் தெரிவது மேலே நிற்பவை மட்டுமே. யாருடைய பல்லாங்குழியில் எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்பது மரபணுவால் மாறும். அதனால்தான் சிலருக்கு ஒரு துண்டு பொருந்துகிறது, சிலருக்குப் பொருந்துவதில்லை.

நோய் வரும் சுண்டெலி வகையில் 260-வது இடத்து ஐசோலூசினும் 263-வது இடத்து ஃபினைல்அலனினும் குழிகளுக்குள் இறங்குகின்றன. அடுத்து வரும் 264, சர்க்கரை ஏந்திய லைசின், நேர் மேலே நிற்கிறது. டி செல் தன் கையை வைக்கும் இடத்தின் நட்ட நடுவில். அங்கே ஒரு கேலக்டோஸ் இருக்கிறதா இல்லையா என்பது அற்ப விஷயமாக இருக்க முடியாதுதானே.

இனி வேதியியல் மேசைக்குப் போகலாம். ஹோல்ம்டாலின் குழுவோடு கைகோத்தவர் யான் ஷீல்பெர்க். அவருடைய குழு உமியோ பல்கலைக்கழகத்தில் இருந்தது. செய்யவேண்டியதைச் சொல்ல ஒரு வரி போதும்: ஹைட்ராக்சிலைசினின் ஹைட்ராக்சிலில் ஒரு கேலக்டோஸை, பீட்டா திசையில், ஒட்ட வேண்டும். சிரமம் எங்கே என்றால், இரண்டு பொருள்களிலும் ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் கைகள் ஏராளம். ஹைட்ராக்சிலைசினில் அமைன் என்ற நைட்ரஜன் தொகுதிகள் இரண்டு, ஓர் அமிலத் தொகுதி, ஒரு ஹைட்ராக்சில். கேலக்டோஸில் ஐந்து ஹைட்ராக்சில்கள். இரண்டையும் குடுவையில் போட்டுக் கலக்கினால் கிடைப்பது பிசின்.

மதுரைச் சுங்குடிச் சேலை சாயம் போடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் தீர்வு உடனே புரியும். எங்கே சாயம் ஏறக்கூடாதோ அங்கே நூலால் இறுக்கி முடிச்சுப் போடுகிறார்கள். சேலை முழுவதையும் சாயத்தில் முக்குகிறார்கள். பிறகு முடிச்சை அவிழ்த்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். வேதியியலாளரும் இப்படித்தான் வினை நடக்கக்கூடாத இடங்களில் எல்லாம் ஒரு தற்காலிகத் தொகுதியைக் கட்டிவைக்கிறார். ஒரு வித்தியாசம்: இங்கே எல்லா முடிச்சையும் ஒரே நேரத்தில் அவிழ்க்கக் கூடாது. ஒன்று காரத்துக்கு மட்டும் அவிழ வேண்டும், ஒன்று அமிலத்துக்கு மட்டும், இன்னொன்று இவை இரண்டுக்கும் அசையாமல் கடைசிவரை நிற்க வேண்டும்.

ஹைட்ராக்சிலைசினின் இரண்டு அமைன்களையும் வேறுபடுத்துவதே முதல் சோதனை. ஒன்று சங்கிலியில் சேரவேண்டியது, மற்றது பக்கக் கிளையின் நுனியில் சும்மா இருக்கவேண்டியது. வேதியியல் குணத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய கைவழி ஒன்று உண்டு. செம்பு உப்பைச் சேர்த்தால், அருகருகே இருக்கும் அமைனையும் அமிலத் தொகுதியையும் செம்பு அயனி சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கரைசல் அழகான நீல நிறமாகும். நுனியில் இருக்கும் அமைன் மட்டும் பிடிபடாமல் நிற்கும், அதன் மேல் முடிச்சைப் போட்டுவிட்டுச் செம்பை வெளியேற்றிவிடலாம். பின்னாளில் ஷீல்பெர்க்கின் குழு செம்புக்குப் பதிலாக போரான் சேர்மம் ஒன்றைப் பயன்படுத்தியது. அதில் உள்ள நன்மை, அந்தப் போரான் கட்டு இருக்கும்போதே சேர்மம் சாதாரணக் கரிமக் கரைப்பான்களில் கரைந்து நின்றது. சர்க்கரை ஒட்டும் வேலையைக்கூட அந்த நிலையிலேயே செய்து பார்க்க முடிந்தது.

சர்க்கரை ஒட்டும் வினைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. வில்ஹெல்ம் கோனிக்ஸும் எட்வர்ட் நோரும் 1901-ல் வெளியிட்ட முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சர்க்கரையின் முதல் கார்பனில் புரோமினை ஏற்றி, வெள்ளி உப்பைக் கொண்டு அந்தப் புரோமினைப் பிடுங்கினால், அந்த இடம் வெறுமையாகி எந்த ஹைட்ராக்சிலையும் வரவேற்கத் தயாராகும். ஆனால் ஹைட்ராக்சில் மேலிருந்து வந்து சேர்ந்தால் ஒரு பொருள், கீழிருந்து வந்து சேர்ந்தால் வேறொரு பொருள். கொலாஜனில் இருப்பது பீட்டா. இதற்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பக்கத்துக் கார்பனில் அசிட்டைல் முடிச்சு ஒன்றைப் போட்டுவைத்தால், அது தானாகவே சாய்ந்து வந்து ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்ளும். மறுபக்கம் மட்டும்தான் வழி. கேலக்டோஸில் அந்த வழி பீட்டாவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. எப்போதும் அப்படி நல்லபடியாக முடிவதில்லை. சில நேரம் வந்த ஹைட்ராக்சில் சர்க்கரையில் சேராமல் அந்த அசிட்டைலிலேயே ஒட்டிக்கொண்டு வேறு பொருளாகிவிடும். அதைப் பிரித்து நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

இப்படிப் பதினைந்து படிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு கைக்கு வருகிறது என்றால் அது நல்ல விளைச்சல்தான். ஆனால் பதினைந்து படி முடியும்போது தொடங்கிய நூறில் ஒன்பதுகூட மிஞ்சாது. கிராம் கணக்கில் ஆரம்பித்தது மில்லிகிராம் கணக்கில் முடியும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகுதான், ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ‘12 மில்லிகிராம், வெண்ணிறத் தூள்’ என்ற மாதிரி ஒரு வரி வரும்போது அதன் கனம் எனக்குத் தெரியத் தொடங்கியது.

இனி சர்க்கரை ஏந்திய அந்த அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோக்க வேண்டும். புரூஸ் மெரிஃபீல்ட் 1963-ல் வெளியிட்ட திண்மத் தளமுறை, அவருக்கு 1984-ல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த முறை, இங்கே கைகொடுக்கிறது. பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தைக் கட்டிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது. ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கழுவிவிட்டால் போதும். சாதாரண அமினோ அமிலங்களைத் தேவைக்குப் பல மடங்கு அதிகமாக ஊற்றி வினையை முழுமையாக்குவார்கள், விலை குறைவு என்பதால். சர்க்கரை ஏந்திய அமினோ அமிலத்தின் முறை வரும்போது அந்தத் தாராளம் செல்லாது. தேவைக்குச் சற்று மேலாக மட்டும் எடுத்து, நேரத்தை நீட்டி, பொறுமையாக இணைக்க வேண்டும்.

கடைசியில் துண்டைப் பிசினிலிருந்து அறுத்தெடுக்க வலிமையான அமிலம் தேவை. சர்க்கரைப் பிணைப்புக்கோ அமிலம் பகை. இங்கே மறுபடியும் அசிட்டைல் முடிச்சுகள் காப்பாற்றுகின்றன: அவை சர்க்கரையின் எலக்ட்ரான்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வதால் பிணைப்பு அமிலத்தில் எளிதாக அறுபடாது. அறுத்தெடுத்த பிறகு மென்மையான காரத்தில் அந்த முடிச்சுகளை அவிழ்க்கலாம். செரின், திரியோனின் மேல் ஏறிய சர்க்கரைகளில் இந்தக் காரப் படி ஆபத்தானது, சர்க்கரையே கழன்றுவிடக்கூடும். ஹைட்ராக்சிலைசினில் சர்க்கரை ஐந்தாம் கார்பனில், முதுகெலும்புச் சங்கிலியிலிருந்து தள்ளி இருப்பதால் அந்தப் பயம் இல்லை. இத்தனை தொல்லைகளுக்கு நடுவே இயற்கை கொடுத்த ஒரு சலுகை என்று அதைச் சொல்லலாம்.

1998-ல் ஷீல்பெர்க்கின் உமியோ குழுவும் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹோல்ம்டாலின் குழுவும் சேர்ந்து அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டன. செயற்கையாகச் செய்த, 264-ல் கேலக்டோஸ் ஏந்திய துண்டைக் கொடுத்ததும், முன்பு அசையாமல் இருந்த டி செல்கள் விழித்துக்கொண்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊகமாக இருந்தது இப்போது குடுவையில் நிரூபணமானது.

என்னைக் கேட்டால் உண்மையான சுவாரசியம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இயற்கையில் இருப்பதை அப்படியே செய்யத் தெரிந்தவருக்கு, இயற்கையில் இல்லாததையும் செய்யத் தெரியும். ஒவ்வொரு மாற்றுருவும் டி செல்லிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி. இந்த ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டால் உனக்குத் தெரியுமா? அதே இடத்தில் ஹைட்ராக்சிலுக்குப் பதில் ஃப்ளூரினை வைத்தால்? ஃப்ளூரின் அளவில் சிறியது, எதிர்மின் சாய்வு உள்ளது, ஆனால் ஹைட்ராக்சிலைப் போல ஹைட்ரஜனை நீட்டிப் பிணைப்பு கொடுக்காது. எனவே ஹைட்ராக்சிலுக்கு மசியும் செல் ஃப்ளூரினுக்கு மசியவில்லை என்றால், அந்தச் செல் அந்த ஹைட்ரஜனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஹைட்ராக்சிலின் தலையில் ஒரு மெத்தில் தொகுதியை வைப்பது இன்னொரு வகைக் கேள்வி: அங்கே இடம் இருக்கிறதா, இடிக்கிறதா?

கேலக்டோஸுக்கும் குளுக்கோஸுக்கும் உள்ள ஒரே வேறுபாடு நான்காம் கார்பனில் ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான். நாக்குக்கே அவ்வளவாக வித்தியாசம் தெரியாத மாற்றம். டி செல்களின் துல்லியம் இந்த அளவில்தான் இயங்கியது. சர்க்கரையின் ஒற்றை ஹைட்ராக்சிலை நீக்கினாலே பல செல்கள் பதில் சொல்வதை நிறுத்தின. அதே சமயம், ஒரே எலியின் நோயில் பங்கெடுத்த செல்கள்கூட எல்லாம் ஒரே ஹைட்ராக்சிலை நம்பியிருக்கவில்லை. ஒன்றுக்கு இது முக்கியம், மற்றதற்கு அது. சர்க்கரையோடு ஹைட்ராக்சிலைசினின் நுனி அமைனையும் சேர்த்து வாசிக்கும் செல்களும் இருந்தன. ஒரு துண்டு, ஒரு சர்க்கரை, வாசிப்போ பலவிதம். மருந்து செய்ய நினைப்பவருக்கு இது நல்ல செய்தி இல்லை. ஒரே ஒரு போலித் துண்டைக் கொடுத்து எல்லாச் செல்களையும் ஏமாற்ற முடியாது என்று இதற்குப் பொருள்.

இன்னும் துணிச்சலான மாற்றம் ஒன்று உண்டு. சர்க்கரையை அமினோ அமிலத்தோடு இணைக்கும் ஆக்சிஜனையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கார்பனை வைப்பது. உடலில் உள்ள நொதிகள் ஆக்சிஜன் பாலத்தை அறுத்துவிடக்கூடும். கார்பன் பாலத்தை அறுக்க அவற்றால் முடியாது. உடலுக்குள் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் மருந்து வேண்டும் என்றால் இந்தப் பாதை இயல்பாக மனதில் வரும். உமியோ குழு இதையும் செய்துகாட்டியது. முதலில் சற்றுக் குட்டையான, நுனி அமைன் இல்லாத மாற்றுருவில். பிறகு முழு ஹைட்ராக்சிலைசின் வடிவிலேயே. ஆக்சிஜன் பாலமாக இருந்தால் சர்க்கரையை எங்கிருந்தாவது கொண்டுவந்து ஒட்டலாம். கார்பன் பாலம் என்றால் ஒட்டுவது என்பதே கிடையாது; சர்க்கரையிலிருந்து தொடங்கி அமினோ அமிலத்தையே கார்பன் கார்பனாகக் கட்டி எழுப்ப வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் திசை தவறாமல். அதோடு ஆக்சிஜன் இருந்தபோது சர்க்கரை விரும்பி நின்ற கோணத்தைக் கார்பன் அதே மாதிரி பிடித்துவைப்பதில்லை. மூலக்கூறு சற்றுத் தளர்ந்து ஆடும்.

சர்க்கரையைத் தொடாமல் முதுகெலும்பை மாற்றிப் பார்த்தவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். துண்டுக்குள் இருக்கும் ஒரு பெப்டைடு பிணைப்பை, வடிவில் அதைப்போன்ற ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்காத வேறொன்றால் மாற்றினார்கள். ஓர் இடத்தில் செய்த அந்தச் சிறு மாற்றம் பல்லாங்குழிக்கும் துண்டுக்கும் இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு வலை முழுவதையும் குலைத்தது. டி செல்லின் அடையாளம் காணுதலும் மாறிப்போனது. பிரான்சிலும் ஒரு குழு கேலக்டோஸ் ஏந்திய ஹைட்ராக்சிலைசினின் மாற்றுருக்களைச் செய்து, எலிகளின் டி செல் பதிலை மெல்லத் திருகிப் பார்த்து 2005-ல் வெளியிட்டது.

எலியில் சரி, மனிதரில்? 2002-ல் ஹோல்ம்டாலின் குழு டிஆர்4 மரபணு ஏற்றப்பட்ட சுண்டெலிகளையும், அந்த வகை உள்ள முடக்குவாத நோயாளிகளின் ரத்தத்தையும் சோதித்தது. இரண்டிலுமே சர்க்கரை ஏந்திய வடிவத்துக்கான பதில் முன்னணியில் நின்றது. 2006-ல் அடுத்த கட்டம் வந்தது. எலியின் பல்லாங்குழிப் புரதத்தைத் தனியாகச் செய்து, அதில் கேலக்டோஸ் ஏந்திய துண்டை உட்காரவைத்து, அந்தச் சோடியையே ஊசியாகப் போட்டார்கள். நோய் வருவதற்கு முன் போட்டபோது மட்டுமல்லாமல், நோய் முற்றிக்கொண்டிருந்தபோது போட்டபோதும் மூட்டுகளின் அழற்சி தணிந்தது. அபாய அழைப்பு எதுவும் உடன் வராமல் துண்டு மட்டும் கண்ணில் பட்டால், டி செல் அதைப் பகையாக எடுத்துக்கொள்ளாமல் அடங்கிவிடும் என்பது அதன் பின்னணிக் கருத்து.

இங்கே நிதானம் தேவை. மூலக்கூறைத் திருத்திக் கொடுத்து டி செல்லைச் சமாதானப்படுத்தும் எண்ணம் முன்பே ஒருமுறை மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு, சறுக்கியிருக்கிறது. நரம்புறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், சர்க்கரை இல்லாத, அமினோ அமிலங்கள் மாற்றப்பட்ட ஒரு துண்டை வைத்து நடந்த இரண்டு சோதனைகளின் முடிவுகள் 2000-ல் வந்தன. ஒன்றில் சில நோயாளிகளுக்கு நோய் கூடியது, மற்றொன்று ஒவ்வாமை எதிர்வினைகளால் நிறுத்தப்பட்டது. முடக்குவாதத்திலும், 1993-ல் கோழிக் கொலாஜனை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்ததில் நம்பிக்கை தரும் செய்தி வந்தது. பின்வந்த சோதனைகள் அதை அதே உறுதியோடு வழிமொழியவில்லை. மூட்டுவலிக்குக் கொலாஜன் பவுடர் விற்பவர்கள் இந்த ஆராய்ச்சிகளின் பெயரைச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். இங்கே பேசப்படுவது ஓர் எண்ணிட்ட இடத்தில் உள்ள ஒரு சர்க்கரை. கரண்டியால் அள்ளிப் பாலில் கலக்கும் தூளுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. மனித முடக்குவாதத்தில் கொலாஜன் ஒரு பகுதிக் கதை மட்டுமே. இன்று நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஆன்டி-சிசிபி பரிசோதனை வேறொரு மாற்றத்தைத் தேடுகிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உடலில் சிட்ருலினாக மாறியிருக்கும் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளை அது பிடிக்கிறது. சிட்ருலின் முதலில் தர்பூசணியிலிருந்து பிரிக்கப்பட்டது, பெயரும் அந்தக் கொடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பரிசோதனையின் உள்ளே இருப்பதும், வேதியியலாளர் ஒருவர் சிட்ருலினை இடையில் வைத்துக் கோத்து வளையமாக்கிய செயற்கைத் துண்டுதான். மாற்றுரு அமினோ அமிலங்கள் ஆய்விதழோடு நின்றுவிடுவதில்லை, ரத்தப் பரிசோதனைச் சீட்டு வரை வருகின்றன.

சர்க்கரை விஷயத்திலேயே அப்படி ஒரு முயற்சி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் நடந்தது. அன்னா மரியா பாப்பினியின் குழு எதிர்த்திசையிலிருந்து வந்தது. நோயாளியின் உடலில் எந்த மூலக்கூறு குற்றவாளி என்று தேடாமல், பலவிதமான சர்க்கரை ஏந்திய துண்டுகளைச் செய்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் ரத்தத்திடம் நீட்டினார்கள்: இதில் எதை உன் ஆன்டிபாடி பிடித்துக்கொள்கிறது? 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, ஏழாம் இடத்து அஸ்பராஜினில் ஒரு குளுக்கோஸ். கொண்டை ஊசி போல வளைந்து நிற்கும் அந்தத் துண்டின் வளைவு நுனியில் சர்க்கரை. நோயாளிகளில் ஒரு பகுதியினரின் ஆன்டிபாடிகள் அதைப் பிடித்தன. 2005-ல் அது வெளியானது.

குழப்பம் என்னவென்றால், மனிதப் புரதங்களில் அஸ்பராஜின் மேல் நேரடியாகக் குளுக்கோஸ் ஏறுவது வழக்கமே இல்லை. அங்கே ஏறும் முதல் சர்க்கரை வேறு. பிறகு ஏன் மனித ரத்தத்தில் அதற்கு ஆன்டிபாடி? 2016-ல் ஒரு தடயம் கிடைத்தது. மூக்கு, தொண்டைப் பகுதியில் வாழும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே என்ற பாக்டீரியா, செல்களில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதத்தில் அஸ்பராஜின்களின் மேல் குளுக்கோஸை ஏற்றுகிறது. சில நோயாளிகளின் ஆன்டிபாடிகள் அந்தப் புரதத்தையும் வலுவாகப் பிடித்தன. பாக்டீரியாவால்தான் அந்த நோய் வந்தது என்று இதைவைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் உடலில் இல்லாத ஒரு மூலக்கூறை வேதியியலாளர் செய்து வைத்திருந்ததால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது.

மூட்டுக்கே திரும்பி வருகிறேன். தவறு செய்யும் டி செல்களை நோயாளியின் ரத்தத்தில் நேரடியாகத் தேடிப் பிடிக்க இன்று ஒரு கருவி இருக்கிறது. பல்லாங்குழிப் புரதங்கள் நான்கைச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே துண்டை உட்காரவைத்து, ஒளிரும் சாயம் ஒன்றைப் பூட்டிவிடுவார்கள். சரியான டி செல் கிடைத்தால் அந்தக் கட்டு ஒன்றுக்கு மேற்பட்ட கைகளால் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், சாயம் காட்டிக்கொடுக்கும். 1996-ல் வந்த முறை இது. இப்படித் தேடப்படும் செல்கள் ரத்தத்தில் மிக மிக அரிது. ஆயிரக்கணக்கில் இல்லாமல் லட்சக்கணக்கில் அலசினால்தான் ஒன்றிரண்டு கண்ணில் படும். அந்தத் தேடலுக்கு ஒவ்வொரு புரதத்தின் குழியிலும் உட்காரவேண்டியது 264-ல் கேலக்டோஸ் ஏந்திய அதே துண்டு. வேறொரு சர்க்கரையோ, வேறு திசையில் ஒட்டியதோ ஒரு துளி கலந்திருந்தாலும் கிடைக்கும் எண்ணிக்கையை நம்ப முடியாது. எனவே ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் யாரோ ஒருவர் மறுபடியும் ஹைட்ராக்சிலைசினை எடுத்து, அதன் இரண்டு அமைன்களையும் பிரித்துக் கட்டி, சர்க்கரையைப் பீட்டா திசையில் ஏற்றி, கடைசியில் அணுக்காந்த நிறமாலையில் கோடுகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் குப்பியின் மேல் பெயர் எழுதுகிறார்.